நான்கு பொழிகள் தாண்டி: குமரியிலிருந்து கோவளம் வரை தனியாக ஒரு நாள்

வரைபடத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கன்னியாகுமரியில் கிளம்பி, கடல் எப்போதும் இடது கைப் பக்கம் இருக்கும்படி ஓட்டிக்கொண்டே போனால் கேரளத்துக் கோவளம் வந்துவிடும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நானும் அதை நம்பித்தான் முதல் தடவை ஸ்கூட்டரில் கிளம்பினேன். தேங்காப்பட்டணத்தில் சாலை முடிந்து, எதிரே ஆறு கடலில் விழுந்துகொண்டிருந்தது. அக்கரையில் இரயுமன்துறைக் குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோவில்) கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றவளை, மீன்கூடையோடு போன ஒரு பாட்டி நிறுத்திக் கேட்டார்: "ஒத்தைக்கா வந்தே மக்கா? அக்கரை போவணும்னா மேல ஏறி கணபதியான்கடவு வழியாட்டு போவணும்லா. இங்க நின்னு பாத்துட்டிருந்தா பாலம் முளைக்குமா?"

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரை. இந்தக் கரையை ஊர் ஊராக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பொழிகளை எண்ணினால் போதும். ஆறு கடலைச் சேரும் இடத்தை இங்கே பொழி என்பார்கள். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிடும், மழையில் ஆறு உடைத்துக்கொண்டு போகும். அதனால் பொழியை ஒட்டிச் சாலை போட முடியாது. ஒவ்வொரு பொழியிலும் வழி உள்ளே திரும்பி, ஒரு பாலத்தைப் பிடித்து, மறுபடியும் கடலுக்கு இறங்கும். நம் வழியில் நான்கு: மணக்குடியில் பழையாறு, கடியபட்டணத்தில் வள்ளியாறு, தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி, பூவாரில் நெய்யாறு. எந்தப் பொழியைத் தாண்டியிருக்கிறோம் என்று தெரிந்தால் நாளில் எவ்வளவு பாக்கி என்பதும் தெரிந்துவிடும்.

எப்போது, எந்தக் கிழமை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன், ஜூலையில் கடல் கரையைத் தின்னும் காலம். சாலையே சில இடங்களில் இருக்காது. தமிழ்நாட்டு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் துறைமுகங்களும் வெறிச்சோடிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் போகலாம், ஆனால் பத்து மணிக்குமேல் வெயில் முதுகில் அடிக்கும்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கத்தோலிக்க மீனவக் கிராமங்களில் பெரும்பாலானோர் கடலுக்குப் போகமாட்டார்கள். ஊரே ஓய்வாக இருக்கும், பந்தாட்டம் நடக்கும், ஆனால் மீன் ஏலம் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் தேங்காப்பட்டணம் பள்ளிவாசல் தெருவில் வண்டி நகராது. என் விருப்பம் செவ்வாய் அல்லது புதன். மாசி மாதத்தில் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை (திருவிழா) நடக்கும் பத்து நாளும் அந்தப் பக்கச் சாலை முழுக்கக் கூட்டம். கொடை பார்க்கவே போகிறீர்கள் என்றால் வேறு கதை.

வண்டி

சொந்த ஸ்கூட்டர் இருந்தால் அதுவே போதும். 110 சிசி வண்டிக்கு இந்த வழியில் எந்தக் கஷ்டமும் இல்லை. கனமான பைக்தான் கடற்கரை மணலில் இறங்கி மாட்டிக்கொள்ளும். வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் எண் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டுவதற்கென்று முறைப்படி வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை ஒரு கடையில் வெள்ளைப் பலகை வண்டியைக் கொடுத்து, "யாரும் கேட்டா என் தம்பி வண்டின்னு சொல்லுங்க" என்றார்கள். கேட்டார்கள். எனக்கு அவருடைய தம்பி பெயர்கூடத் தெரியாது. வழியோரத்தில் ஒரு மணி நேரம் நின்றதில் அன்றைய மாலைச் சூரியன் போயிற்று.

எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வந்து போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், இருக்கும் கீறல் எல்லாம் பதிவாகட்டும். பிரேக்கை மட்டும் பத்தடி ஓட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தமிழ்நாட்டில் தலையில், கேரளத்தில் தலையில் கட்டோடு. 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் கேமரா பார்த்து அபராதம் போடுகிறது, நின்று கெஞ்ச ஆள் கிடையாது. பெட்ரோல் எல்லைக்கு இந்தப் பக்கமே நிரப்புங்கள். கேரளத்தில் விலை கூடுதல்.

வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் பேருந்திலும் இதைச் செய்யலாம். கன்னியாகுமரி அல்லது நாகர்கோவிலிலிருந்து குளச்சல், அங்கிருந்து தேங்காப்பட்டணம், பிறகு கொல்லங்கோடு, பூவார், கோவளம் என்று நான்கைந்து முறை மாறி ஏற வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லை தாண்டினால் கேரள அரசுப் பேருந்து, டிக்கெட் எடுக்க வேண்டும். பூவாரிலும் விழிஞ்ஞத்திலும் அவர்களுக்குப் பணிமனை இருப்பதால் வண்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேருந்தில் போகிறவர்கள் நான் சொல்லும் இடங்களில் பாதியை விட்டுவிடுங்கள். மணக்குடி, முட்டம், குளச்சல், பூவார், கோவளம் போதும்.

பையில் என்ன

இரண்டு லிட்டர் தண்ணீர், மெல்லிய துண்டு ஒன்று, போனைப் போட ஒரு பிளாஸ்டிக் உறை, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை நோட்டுகள். பெரிய கடைகளில் போனிலேயே பணம் கட்டலாம், ஆனால் அக்கானி விற்கும் தாத்தாவிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். பதநீரைத்தான் இங்கே அக்கானி என்கிறோம். வழியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ளுங்கள். விரல் நீளச் சின்னப் பழம், வாசனையானது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பசிக்கும் நேரமெல்லாம் கடை இருக்காது, மட்டி இருக்கும்.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒன்று. கழிப்பறையை வயிறு சொல்லும்போது தேடக் கூடாது. பார்க்கும்போது போய்விட வேண்டும். கன்னியாகுமரியிலேயே ஒருமுறை, பிறகு மண்டைக்காட்டுக் கோவில் பக்கம், குளச்சல் பேருந்து நிலையம், பூவார் படகுத்துறை, இடையில் பெரிய பெட்ரோல் பங்குகள். இத்தனைதான் என் பட்டியல். எல்லைக்கு அருகே தூத்தூர் கிராமங்கள் வழியாகப் போகும்போது எதுவும் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை: முதல் பொழி வரை

டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறரை வாக்கில்தான் எழும்பும். ஆறு மணிக்குக் கன்னியாகுமரிக் கரையில் இருந்தால் போதும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் படகில் போகும் ஆசையை அன்றைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். 133 அடி வள்ளுவர் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கேயேதான் நிற்கிறார், எங்கும் போகப் போவதில்லை. பாறைக்கும் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலமும் அப்படித்தான். படகு வரிசையில் நின்றால் பத்து மணி ஆகிவிடும், பிறகு கோவளத்தில் இருட்டில்தான் இறங்குவீர்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கும் இதையே சொல்வேன். அது உள்நாட்டுப் பக்கம் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை, தனியாக அரை நாள் கேட்கும்.

இட்லியும் ரசவடையும் தின்றுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்புங்கள். முதலில் வருவது நம் ஊர்க் கோவளம். ஆமாம், குமரியிலும் ஒரு கோவளம் உண்டு. வழி கேட்கும்போது 'கேரளத்துக் கோவளம்' என்று சொல்லாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எட்டு மணிக்குள் மணக்குடி. பழையாறு இங்கே அகன்று, நாற்புறமும் தென்னையும் சதுப்பு மரங்களுமாக, காலை வெளிச்சத்தில் பால் மாதிரிக் கிடக்கும். பாலத்தில் நிறுத்தாதீர்கள், தாண்டியதும் ஓரமாக நிறுத்தி நடந்து திரும்பி வாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இங்கிருந்த பழைய பாலத்தையே தூக்கி எறிந்தது. இப்போதுள்ள பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர். 1957-இல் குளச்சல் தொகுதியில் வென்று காமராசர் அமைச்சரவையில் இருந்த பெண். மீன்வளமும் அவர் கையில்தான் இருந்தது. ஒரு பாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் வேறில்லை.

அப்புறம் சொத்தவிளை, சங்குத்துறை. இரண்டும் நீண்ட மணற்கரைகள். ஏதாவது ஒன்றில் கால் நனைத்தால் போதும், நான் சொத்தவிளையைத்தான் சொல்வேன். ராஜாக்கமங்கலம் துறை தாண்டினால் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரை. அழகான இடம்தான். ஆனால் இங்கே வண்டியை நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

கள்ளக்கடல்

2024 மே 6-ஆம் தேதி இந்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போயிற்று. அன்று புயல் இல்லை, மழை இல்லை. வானம் தெளிவு. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் பலத்த காற்று பெரிய அலைகளை எழுப்பிவிடும். அவை சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றே இருக்காது, கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். கள்ளனைப்போல் வருவதால் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்தச் சொல்லையே உலக அளவில் அறிவியலாளர்களும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய கோடை மாதங்களில்தான் இதன் தொல்லை அதிகம்.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. முதல் நாள் இரவு அதைப் பாருங்கள், அல்லது உள்ளூர்ச் செய்தியில் 'கள்ளக்கடல்' என்ற சொல் அடிபடுகிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். மணலில் இறங்காதீர்கள், அவ்வளவுதான். சாலையிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் தனியாகப் போகிறவர்களுக்கு என் சட்டம் ஒன்று உண்டு: முழங்காலுக்கு மேல் கடல் ஏறக் கூடாது. இந்தக் கரை சரிந்து ஆழமாகும் கரை. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் ஓரிடம் அமைதியாகத் தெரியும். புதியவர்கள் அதுதான் பாதுகாப்பான இடம் என்று இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குப் போகும் வழி அது, ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கரையைக் காக்கக் கடலுக்குள் பாறை போட்டுக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பாசி பிடித்த பாறை, இடுக்கில் கால் போனால் கூப்பிடுவதற்கு ஆளில்லாமல் தனியாகத்தான் கிடப்பீர்கள். அவசரத்துக்கு 112, கடலில் ஏதாவது என்றால் கடலோரக் காவல்படையின் 1554. இரண்டையும் போனில் ஏற்றி வையுங்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு ஒவ்வொரு பொழி தாண்டியதும் 'இரண்டு தாண்டியாச்சு' என்று ஒரு செய்தி தட்டிவிடுவது என் வழக்கம். என் அம்மாவுக்கு இப்போது நான்கு பொழிகளும் மனப்பாடம்.

முட்டத்திலிருந்து குளச்சல்

முட்டத்தில்தான் கரை முதன்முறையாக மேடேறுகிறது. அதுவரை மணலும் தென்னையுமாக வந்த சாலை, இங்கே செம்மண் மேட்டிலும் பாறையிலும் ஏறிக் கடலைக் கீழே காட்டும். சினிமாவில் பார்த்த பாறைகள் இவை. தமிழ்நாட்டில் இந்த ஊரை முதன்முதலில் திரையில் பார்த்துவிட்டுத் தேடி வந்தவர்கள்தான் அதிகம். கலங்கரை விளக்கம் இருக்கும் மேட்டில் அரை மணி நேரம் உட்காருங்கள். இந்த நாளில் நான் எங்காவது நேரத்தை வீணடிக்கச் சொன்னால் அது இங்கேதான். காற்று பலமாக அடிக்கும், தொப்பி போய்விடும். எனக்கு ஒன்று போயிற்று.

கடியபட்டணத்தில் வள்ளியாறு. இரண்டாவது பொழி, நான்கில் சிறியது. கவனிக்காமல் போனால் தெரியாமலேயே தாண்டிவிடுவீர்கள். அடுத்து மணவாளக்குறிச்சி. இங்கே மணலை எட்டிப் பாருங்கள், கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாக இருக்கும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்த ஊரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் தோரியம் கிடைக்கிறது. கயிற்று நாரில் ஒட்டிப்போன மணல் இன்றைக்கு அருமணல் ஆலையாக நிற்கிறது. ஆலைப் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள். மணலைப் புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலையும் வேண்டாம். அணுசக்திக் கனிமம், சட்டம் வேறு. ஒரு விஷயம், கறுப்பு மணல் வெயிலில் கொதிக்கும், செருப்பைக் கழற்றினால் துள்ளுவீர்கள்.

பதினொன்றரைக்குள் மண்டைக்காடு வந்துவிட்டால் நல்லது, மதியம் நடை சாத்திவிடுவார்கள். பகவதி அம்மன் இங்கே சிலையல்ல. சுமார் 15 அடி உயரத்துக்கு வளர்ந்த புற்று, அதன் மேல் முகம். இருமுடி கட்டிப் பெண்கள் வருவதால் பெண்களின் சபரிமலை என்று பெயர். தலைவலி தீர மண்டையப்பம் வைத்துக் கும்பிடுவார்கள். வெயிலில் ஹெல்மெட்டோடு வந்தவர்களுக்கு அந்த நேர்த்தியின் நியாயம் உடனே புரியும். கோவிலிலிருந்து கடல் நடக்கும் தூரம்தான்.

குளச்சலில் சாப்பாடு. மீன் சாப்பாடு போடும் சின்னக் கடைகள் நிறைய உண்டு. கூட்டம் இருக்கும் கடைக்குள் போய், "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். அட்டையைப் பார்த்துக் கேட்டால் ஐஸ் பெட்டியில் இருப்பது வரும், இப்படிக் கேட்டால் காலையில் வந்தது வரும். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் கறியும் (மத்தி மீன்) கிடைத்தால் சோற்றை மறந்துவிடுங்கள். தேங்காய் அரைத்த குழம்பு, கிழங்கின் மேல் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணைப் பார்த்தால் கடை அக்கா இரண்டு கேள்வி கேட்பார். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா. பதில் சொன்னால் கூட ஒரு துண்டு மீன் வரும். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவேன்.

கடற்கரையில் வெற்றித் தூண் இருக்கிறது. 1741 ஆகஸ்ட் 10, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை இந்தக் கரையில் வைத்துத் தோற்கடித்தது. சிறைபிடித்த தளபதி டிலனாய் பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்துத் தளபதியாகி, இங்கேயே செத்து, உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கிறார். தோற்றவனை வேலைக்கு வைத்த ராஜா. தூணைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதைவிட அருகில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. இந்த ஊர் சுனாமியில் நிறையப் பேரைப் பறிகொடுத்த ஊர். அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

எல்லைப் பக்கம்

ஒன்றரை மணிக்குக் கிளம்பிக் குறும்பனை, மேல்மிடாலம், இனயம் வழியாகத் தேங்காப்பட்டணம். இந்தத் தூரம் முழுக்கச் சாலை வீடுகளுக்கு நடுவே போகிறது. இடது பக்கம் கல்சுவரும் கடலும், வலது பக்கம் வாசல்கள். இதைச் சாலை என்று நினைக்காமல் யாருடைய முற்றத்தையோ கடக்கிறோம் என்று நினைத்து ஓட்டுங்கள். பிள்ளைகள் பந்தோடு குறுக்கே வரும், நெத்திலி தார்ச்சாலையிலேயே காயும், கிழவர் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். இருபதுக்கு மேல் வேகம் வேண்டாம். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள், சிலர் சட்டை மாற்றிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விடுவார்கள். காத்திருக்க வேண்டும்.

தேங்காப்பட்டணம் மூன்றாவது பொழி, என்னைப் பாட்டி திருத்திய இடம். துறைமுகத்தையும் பழைய பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, பொழியை நோக்கிப் போகாமல் திரும்பி உள்ளே ஏறுங்கள். கணபதியான்கடவுப் பாலம் என்று கேட்டால் சிறுவன்கூடச் சொல்வான். பாலத்தில் குழித்துறை ஆற்றைத் தாண்டி மறுபடியும் இடது பக்கமாக இறங்கினால் இரயுமன்துறை, தூத்தூர்.

வழியில் பச்சைப் பாசி மூடிய ஒரு வாய்க்கால் அங்கங்கே கண்ணில் படும். அதைக் குப்பை ஓடை என்று விட்டுவிடாதீர்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். குளச்சலில் வென்றவரின் பெயரையே கொண்ட, பின்னால் வந்த திருவிதாங்கூர் ராஜா 1860-இல் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலுக்கு இணையாகப் படகில் போய்விட வேண்டும் என்பது திட்டம். பத்மநாப சுவாமி பெயரும், லண்டன் ராணி பெயரும், ராஜா பெயரும் சேர்ந்த ஒரே வாய்க்கால். அத்தனை பெயர் வைத்தும் வேலை முழுதாக முடியவில்லை. பொழிகளைச் சுற்றி அலையும்போதெல்லாம் எனக்கு அந்த ராஜாவின் நினைப்பு வரும். அவருக்கும் இதே எரிச்சல்தான் இருந்திருக்கும்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை. இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலில் இருந்தவர்கள் பலர் திரும்பவே இல்லை. தெருவோரத்தில் மாலை போட்ட படங்களைப் பார்ப்பீர்கள்.

கடைசித் தமிழ்க் கிராமம் நீரோடி. இங்கே போன் வரைபடம் காட்டும் வழியை நம்பாதீர்கள். கரையோரச் சாலையைக் கடல் அடிக்கடி அறுத்துக்கொண்டு போகும். ஒரு தடவை அந்த வழியைப் பிடித்துப் போய், முன்சக்கரம் பாதி மணலில் புதைந்து நின்றேன். படகோரம் இருந்த அண்ணன் வந்து வண்டியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "ரோட்ட கடலு எடுத்துட்டுல்லா. திரும்பி ஊருக்குள்ள கூடிப் போங்க." அதாவது ஊருக்கு உள்ளே வழியாக, கொல்லங்கோடு பக்கம் ஏறி இறங்க வேண்டும். நீரோடியில் நுழைந்ததும் முதல் டீக்கடையிலேயே கேட்டுவிடுங்கள், அன்றைக்கு எது திறந்திருக்கிறது என்று.

எல்லை என்று பெரிய வாசல் எதுவும் இங்கே கிடையாது. பலகையில் எழுத்து மாறும், சுவரொட்டியில் முகம் மாறும். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த நிலம், அதனால் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. பொழியூரில் தமிழில் கேட்டாலே பதில் வரும். பதிலில் இரண்டு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கழிஞ்ஞு' என்றால் தாண்டியபின், 'இடத்தோட்டு' என்றால் இடது பக்கம். 'பாலம் கழிஞ்ஞு இடத்தோட்டு' என்று ஒரு சேட்டன் சொல்ல, நான் பாலத்துக்கு முன்னாலேயே ஏதோ ஓர் இடம் இருக்கிறது என்று தேடியிருக்கிறேன்.

நான்காவது பொழி, பிறகு இறக்கம்

பொழியூர் என்ற பெயரிலேயே பொழி இருக்கிறது. அதைத் தாண்டி நெய்யாறு கடலைச் சேரும் இடம் பூவார். நான்கு பொழிகளில் அழகானது இதுதான், கூட்டமும் இங்கேதான். சதுப்பு மரங்களுக்குள் படகில் சுற்றிக் காட்டி, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல் திட்டில் இறக்குவார்கள். தனியாகப் போகிறவர்களுக்குச் சிக்கல் என்னவென்றால், கட்டணம் படகுக்கு, ஆளுக்கல்ல. துறையில் காத்திருக்கும் வேறு குடும்பத்தோடு பேசிச் சேர்ந்துகொள்ளுங்கள். சாலையிலேயே மறித்துப் படகுக்கு அழைப்பவர்களிடம் நிற்காமல் துறைக்குப் போய்ப் பேசினால் விலை இறங்கும். எத்தனை நிமிடம், எந்த இடம் வரை என்று ஏறும் முன்பே கேளுங்கள். மிதவைச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள். நாலரைக்குமேல் பூவார் வந்தால் படகை மறந்துவிட்டு நேரே போங்கள்.

அன்றே ஊர் திரும்ப வேண்டியவர்கள் பூவாரிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பாறசாலைப் பக்கம் ஏறிக் களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நெடுஞ்சாலையில் வெளிச்சத்திலேயே பாதி தூரம் வந்துவிடலாம். கோவளம் வரை போய்விட்டு இரவில் ஸ்கூட்டரில் கன்னியாகுமரி திரும்புவதை நான் ஒருமுறை செய்தேன். எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் குழி தெரியவில்லை. இனிச் செய்யமாட்டேன். கோவளத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை வருவதே நல்லது. வண்டி இல்லாதவர்கள் கோவளத்திலிருந்து பேருந்தில் திருவனந்தபுரம் தம்பானூர் போய், எதிரே இருக்கும் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டியைப் பிடிக்கலாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வையுங்கள்.

தொடர்கிறவர்களுக்கு: பூவார் தாண்டி ஆழிமலையில் கடலைப் பார்த்தபடி 58 அடி உயரச் சிவன் உட்கார்ந்திருக்கிறார். சிமென்ட்டில் செய்தது, புதியது, ஆனால் பாறையும் அலையும் பழையவை. பதினைந்து நிமிடம். அடுத்து விழிஞ்ஞம். 2025 மே 2-இல் அதிகாரப்பூர்வமாகத் திறந்த சரக்குத் துறைமுகத்தின் பளுதூக்கிகள் ஊருக்கு மேலே ராட்சசக் கொக்குகள் மாதிரி நிற்கும். அந்த ஊரிலேயே, ஒரு சின்னத் தோட்டத்துக்குள், எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோவில் ஒன்று இருக்கிறது. விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் ஊராக இருந்த காலத்தது. வாசலின் இருபுறமும் சிவனைச் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். துறைமுகத்தை எட்டிப் பார்க்க வாகனத்தை ஓரம்கட்டும் கூட்டத்தில் ஒருவர்கூட இதைத் தேடுவதில்லை.

கோவளத்தில் நேரே விளக்குமாடக் கடற்கரைக்கு இறங்குங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் கலங்கரை விளக்கம் 1972-இல் ஏற்றியது. ஆறேகால் வாக்கில் சூரியன் கடலில் விழும். காலையில் குமரியில் எழும்பிய அதே சூரியன், முதுகுப் பக்கமாகத் தொடங்கி நாள் முழுக்க நம்மோடு வந்து முகத்துக்கு நேரே இறங்குவதைப் பார்க்கத்தான் இந்த வழியைக் கிழக்கிலிருந்து மேற்காகப் போகச் சொல்கிறேன். உயிர்காப்பாளர்கள் ஊதினால் கரை ஏறிவிடுங்கள். சிவப்புக் கொடி இருக்கும் பக்கம் இறங்க வேண்டாம். கடலோரக் கடையில் மீனைத் தேர்ந்தெடுத்தால் எடை போட்டு, சமைப்பதற்கும் சேர்த்து விலை கேட்டுவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும்.

மறுநாள் காலை முதல் வேலை, வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுவது. நாள் முழுக்க உப்புக் காற்று பட்டிருக்கும். சக்கர இடுக்கிலும் பிரேக் கம்பியிலும் மணல் போயிருக்கும். தங்கும் இடத்தில் ஒரு வாளி தண்ணீர் கேட்டால் தருவார்கள். வாடகை வண்டி என்றால் கட்டாயம் கழுவுங்கள். மணலோடு திருப்பிக் கொடுத்தால் 'கடலில் இறக்கினீர்களா?' என்ற விசாரணை தொடங்கும், முன்பணத்தில் கை வைப்பார்கள். அந்த நேரத்தில் முதல் நாள் எடுத்த வீடியோவைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.